ஆங்கிலத்தில் கலவை வாக்கியம்: பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

"ஐ ஹேவ் எ கேட். இட் இஸ் பிளாக். இட் ஸ்லீப்ஸ் ஆல் டே. ஐ லைக் இட்."

பிள்ளையின் நோட்டில் இப்படி நான்கு வரிகள். ஒன்றில்கூடப் பிழை இல்லை. ஆனாலும் கோக்காத மணிகளாக உதிரி உதிரியாகக் கிடக்கின்றன. அதே பிள்ளை தமிழில் பேசும்போது, "நாள் பூரா தூங்கினாலும் எங்க பூனைய எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. இரண்டு எண்ணங்களைச் சேர்த்துச் சொல்லும் திறமை அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலத்தில் முடிச்சை எந்த இடத்தில் போடுவது என்பதுதான் பிடிபடவில்லை. அதைக் காட்டிக்கொடுப்பதே நம் வேலை. இணைப்புச் சொற்களின் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் அந்த வேலை நடக்காது.

சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களை ஓரளவு சொந்தமாகச் சொல்ல வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஏழெட்டு வயதில் தொடங்கலாம். வீட்டில் சொல்லித்தரும் பெற்றோருக்கும், இப்போதுதான் வகுப்பெடுக்கத் தொடங்கியிருக்கும் ஆசிரியருக்கும் இது உதவும்.

முதலில் உங்களுக்குத் தெளிவு வேண்டும்

தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆங்கிலத்திலும் அதே மூன்று உண்டு. சொந்தக் காலில் நிற்கும் இரண்டு வாக்கியங்களை "அண்ட்", "பட்", "ஸோ" போன்ற சொற்களால் சேர்த்தால் தொடர் வாக்கியம். ஒன்று சொந்தக் காலில் நின்று, மற்றொன்று அதன் மேல் சாய்ந்துகொண்டிருந்தால் கலவை வாக்கியம்.

சாய்கிறதா நிற்கிறதா என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். "பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்" என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். கேட்பவர், அதனால் என்ன ஆயிற்று என்று காத்திருப்பார். அதுதான் சாயும் பகுதி. "வி ஸ்டேட் அட் ஹோம்" என்று நிறுத்தினால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். பிள்ளைக்கு இந்தச் சோதனை போதும். இலக்கணப் பெயர்களை இப்போது சொல்ல வேண்டியதில்லை.

நீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். "ஐ கேம் ஹோம் அண்ட் ஐ ஏட் அண்ட் ஐ ப்ளேட் அண்ட் ஐ ஸ்லெப்ட்" என்பது எவ்வளவு நீண்டாலும் கலவை வாக்கியம் ஆகாது. "ஐ ஸ்லெப்ட் வென் இட் ரெய்ன்ட்" ஐந்தே சொற்கள். அது கலவை வாக்கியம்.

ஒட்டு முன்னால், பின்னால்

எல்லாப் படிகளுக்கும் அடித்தளம் இது. இங்கே அவசரப்பட வேண்டாம்.

தமிழில் இணைப்பு சாயும் பகுதியின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. மழை பெய்த'தால்', நீ வந்த'போது', அவன் கேட்'டால்', அம்மா வரும் 'வரை'. ஆங்கிலத்தில் அதே இணைப்பு சாயும் பகுதியின் தலையில் உட்காருகிறது: 'பிகாஸ்' இட் ரெய்ன்ட், 'வென்' யூ கேம், 'இஃப்' ஹி ஆஸ்க்ஸ். மேலும் தமிழில் சாயும் பகுதி முன்னால் வந்து, முக்கியச் செய்தி கடைசியில் விழும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் முக்கியச் செய்தி முதலில் வந்துவிடும். காரணமும் நேரமும் அதன் பின்னால் நடந்து வரும்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்லும் பிள்ளை, "இட் ரெய்ன்ட் பிகாஸ்... ஐ டிட் நாட் கோ" என்று தடுமாறுவது இதனால்தான். "மழை பெய்தது" என்பதை முதலில் சொல்லிவிட்டு, 'ஆல்' வரவேண்டிய இடத்தில் "பிகாஸ்" வைத்துவிடுகிறது. கேட்பவருக்கோ, நான் போகாததால் மழை பெய்தது என்று பொருள் தலைகீழாகப் போய்ச் சேர்கிறது. பிள்ளை இங்கே முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை. தன் தாய்மொழியின் விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. இதை அதனிடமே சொல்லுங்கள், தைரியம் வரும்.

காட்டித்தர எளிய வழி அட்டைகள். வெள்ளை அட்டை ஒன்றில் "ஐ டிட் நாட் கோ", இன்னொன்றில் "இட் ரெய்ன்ட்", சிவப்புத் துண்டில் "பிகாஸ்". சிவப்புத் துண்டை "இட் ரெய்ன்ட்" அட்டையின் இடது ஓரத்தில் பசை போட்டே ஒட்டிவிடுங்கள். இனி அந்த இரண்டும் பிரியாது. எங்கே நகர்த்தினாலும் சேர்ந்தே நகரும். பிள்ளை அதைப் பின்னால் வைத்துப் படிக்கட்டும், முன்னால் வைத்தும் படிக்கட்டும். இரண்டிலும் பொருள் மாறவில்லை என்பதைத் தன் கையாலேயே கண்டுகொள்ளும்.

முதல் படி: "பிகாஸ்" மட்டும்

முதல் ஒன்றிரண்டு வாரம் வேறு சொல்லே வேண்டாம். தினம் பத்து நிமிடம், அதுவும் வாய்ப்பேச்சாக. எழுத்து பிறகு வரும்.

பிள்ளை தமிழில் சொன்ன ஒரு வாக்கியத்தையே எடுங்கள். "காய்ச்சல் வந்ததால விளையாடப் போகல." இதில் முக்கியச் செய்தி என்ன என்று கேளுங்கள். போகவில்லை. அதை முதலில் ஆங்கிலத்தில் சொல்லட்டும்: "ஐ டிட் நாட் கோ டு ப்ளே." ஏன்? "பிகாஸ் ஐ ஹேட் எ ஃபீவர்." இப்போது நிறுத்தாமல் சேர்த்துச் சொல்லட்டும். புத்தக வாக்கியத்தைவிடப் பிள்ளையின் சொந்த வாக்கியம் பத்து மடங்கு வேலை செய்யும், ஏனென்றால் பொருளைத் தேட வேண்டியதில்லை. கவனம் முழுவதும் வடிவத்துக்குப் போகிறது.

அடுத்து, பாதி வாக்கியத்தைக் கொடுத்து மீதியை முடிக்கச் சொல்லுங்கள். "த டாக் பார்க்ட் பிகாஸ்..." ஒரே தொடக்கத்துக்கு ஐந்து வெவ்வேறு முடிவுகள் வேண்டும் என்று கேட்டால் விளையாட்டாகிவிடும். பிறகு அதே தொடக்கத்துக்கு மூன்று வால் கொடுங்கள்:

"த டாக் பார்க்ட் பிகாஸ் இட் ஹேர்ட் எ நாய்ஸ்."
"த டாக் பார்க்ட், பட் நோபடி வோக் அப்."
"த டாக் பார்க்ட், ஸோ த கேட் ரேன் அவே."

பின்னிரண்டும் தொடர் வாக்கியங்கள்தான். ஆனாலும் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான், இணைப்புச் சொல் மாறும்போது எண்ணமே எப்படித் திரும்புகிறது என்று புரியும். "பிகாஸ்", "ஸோ" இரண்டையும் மாற்றிப் போடும் பிள்ளையிடம் ஒரே கேள்வி: எது முதலில் நடந்தது? முதலில் நடந்ததுதான் காரணம். "பிகாஸ்" அதன் முன்னால் நிற்கும்.

"பிகாஸ்" என்று வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. "பிகாஸ் இட் ரெய்ன்ட், வி ஸ்டேட் அட் ஹோம்" முழுமையான நல்ல வாக்கியம். சாயும் பகுதியை மட்டும் எழுதிவிட்டு முற்றுப்புள்ளி வைப்பதுதான் தவறு. பேச்சில் "வை?" என்று கேட்டால் "பிகாஸ் ஐ வாஸ் டயர்ட்" என்று மட்டும் பதில் சொல்வது இயல்பு, அதைத் திருத்தாதீர்கள்.

இரண்டாம் படி: நேரத்தைச் சொல்லும் சொற்கள்

"வென்" எளிதாக வந்துவிடும். "வைல்", "அன்டில்" அதன் பின்னாலேயே வரும். சிக்கல் "பிஃபோர்", "ஆஃப்டர்" இரண்டிலும்தான்.

3 முதல் 5 வயது வரையிலான ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை ஈவ் கிளார்க் என்ற மொழியியலாளர் ஆராய்ந்து 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சின்னப் பிள்ளைகள் பலர், வாக்கியத்தில் முதலில் சொல்லப்பட்டதே முதலில் நடந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். இணைப்புச் சொல்லைவிட வரிசையைத்தான் நம்பினார்கள். தாய்மொழியாகப் பேசும் பிள்ளைக்கே அப்படியென்றால், இரண்டாவது மொழியாகக் கற்கும் பிள்ளையிடம் நாம் பொறுமையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே, நடந்த வரிசையும் சொல்லும் வரிசையும் ஒன்றாக இருக்கும் வாக்கியங்களில் தொடங்குங்கள். "ஐ வாஷ்ட் மை ஹேண்ட்ஸ் பிஃபோர் ஐ ஏட்." "ஆஃப்டர் ஐ ஏட், ஐ வென்ட் அவுட்." இவை பழகிய பின்பே "பிஃபோர் ஐ ஏட், ஐ வாஷ்ட் மை ஹேண்ட்ஸ்" பக்கம் போகலாம். அப்போது இரண்டு சின்னப் படங்களை வரைந்து, நடந்த வரிசைப்படி மேசையில் வைக்கச் சொல்லுங்கள். படத்தை மாற்றி வைத்தால் எங்கே புரியவில்லை என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

காற்புள்ளியை இங்கேயே அறிமுகப்படுத்துங்கள். சாயும் பகுதி முன்னால் வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி. பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை. வாய்விட்டுப் படித்தால் மூச்சு நிற்கும் இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாம் படி: "இஃப்"

"இஃப் இட் வில் ரெய்ன், வி வில் ப்ளே இன்சைட்" என்று பிள்ளை எழுதும். "இஃப்" பகுதியில் "வில்" வராது. "இஃப் இட் ரெய்ன்ஸ்" என்றுதான் வரும். ஏன் என்று கேட்டால் தமிழையே காட்டலாம். "நாளைக்கு மழை பெய்தால் உள்ளே விளையாடுவோம்." மழை வரப்போவது நாளைக்கு, ஆனால் 'பெய்தால்' என்ற சொல்லில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? இல்லை. 'விளையாடுவோம்' என்பதில் மட்டும்தான் இருக்கிறது. ஆங்கிலமும் அப்படியே. இந்த ஒப்பீட்டைச் சொன்னதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அதைப் பார்ப்பதற்காகவே இதைச் சொல்லித்தரலாம். "வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்" என்பதற்கும் இதே கதை.

"அன்லெஸ்" பற்றி ஒரு வரி: அதற்குள்ளேயே 'இல்லாவிட்டால்' இருக்கிறது, எனவே அந்தப் பகுதியில் இன்னொரு "நாட்" தேவையில்லை.

நான்காம் படி: "ஆல்தோ"

"ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் வி ப்ளேட்." பெரியவர்கள் எழுதும் கடிதங்களிலும் இந்தத் தவறு உண்டு. ஒரு மூட்டுக்கு ஓர் ஆணி போதும். "ஆல்தோ" வந்தால் "பட்" வேண்டாம். "பட்" வந்தால் "ஆல்தோ" வேண்டாம். "பிகாஸ்... ஸோ..." என்று இரட்டையாகப் போடுவதும் இதே தவறுதான். தமிழில் 'பெய்தாலும்' என்ற ஒரே 'உம்' அந்த வேலை முழுவதையும் செய்துவிடுகிறது, 'ஆனால்' என்று இன்னொன்று நாம் சேர்ப்பதில்லையே.

இந்தச் சொல்லுக்கு அவசரமில்லை. எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு என்ற எண்ணம் இருந்தால்தான் "ஆல்தோ" பிறக்கும். பிள்ளைக்கு அப்படி ஏதாவது ஆச்சரியம் நேரும் நாளில் சொல்லிக்கொடுங்கள்.

ஐந்தாம் படி: "ஹூ", "விச்", "தட்"

இதற்குக் குறைந்தது மூன்று வாரமாவது ஒதுக்குங்கள். தமிழும் ஆங்கிலமும் மிக அதிகமாக விலகிப் போகும் இடம் இதுதான்.

தமிழில் பெயரெச்சம் இருக்கிறது: 'நேற்று வந்த பையன்', 'நான் வாங்கிய புத்தகம்'. விவரம் முழுவதும் பெயருக்கு முன்னால் வந்துவிடும், 'யார்', 'எது' என்ற சொல்லே தேவையில்லை. ஆங்கிலத்தில் பெயரை முதலில் சொல்லி, அதன் பின்னால் விவரத்தைத் தொங்கவிட வேண்டும்: "த பாய் ஹூ கேம் யெஸ்டர்டே." "த புக் தட் ஐ பாட்."

இன்னொரு நுணுக்கம். 'பார்த்த பையன்' என்றால் பார்த்தவன் அந்தப் பையனா, பார்க்கப்பட்டவனா? தமிழில் சூழலை வைத்து முடிவு செய்கிறோம். ஆங்கிலத்தில் சொல் வரிசையே அதைச் சொல்லிவிடும். "த பாய் ஹூ சா மீ": பார்த்தது பையன். "த பாய் ஹூ ஐ சா": பார்த்தது நான். இந்த இரண்டாவது வகை கடினம். எளியது முதல் வகை. உலக மொழிகள் பலவற்றை ஒப்பிட்ட எட்வர்ட் கீனன், பெர்னார்ட் காம்ரி என்ற மொழியியலாளர்கள் இருவரும், இப்படி விவரம் சேர்ப்பது எந்தப் பெயருக்கு எளிது என்று காட்டி 1977இல் வெளியிட்ட வரிசையிலும் எழுவாய்தான் முதலிடத்தில் நிற்கிறது. எனவே பெயர்ச்சொல் தானே வேலை செய்யும் வாக்கியங்களை நன்றாகப் பழக்கிவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

பழக்க விடுகதையைப்போல் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. "இட் இஸ் எ திங் தட் டெல்ஸ் த டைம்." கடிகாரம். "ஷி இஸ் எ பெர்சன் ஹூ ஃப்ளைஸ் எ ப்ளேன்." விமானி. நீங்கள் பத்து போடுங்கள், பிறகு பிள்ளை உங்களுக்குப் பத்து போடட்டும். கண்டுபிடிப்பதைவிடப் போடுவதில்தான் கற்றல் நடக்கிறது.

இந்த விடுகதைகளில் விவரம் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அது சுலபம். நடுவில் நுழையும்போது பிள்ளை திணறும்: "த கேர்ல் ஹூ லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர் இஸ் மை ஃப்ரெண்ட்." பலர் "த கேர்ல் ஹூ லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர்" என்று எழுதிவிட்டு, வாக்கியம் முடிந்ததாக நினைத்துப் புள்ளி வைத்துவிடுவார்கள். நடுப்பகுதியை விரலால் மறைத்துப் படிக்கச் சொல்லுங்கள். "த கேர்ல்... இஸ் மை ஃப்ரெண்ட்." மிச்சம் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

"த புக் தட் ஐ பாட் இட் இஸ் குட்" என்று ஓர் "இட்" கூடுதலாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. "தட்" ஏற்கெனவே புத்தகத்தைத்தான் குறிக்கிறது, ஒரே ஆளுக்கு இரண்டு நாற்காலி வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆறாம் படி: 'என்று' வரும் இடங்கள்

"அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை." தமிழில் கேள்வியை அப்படியே தூக்கி வைத்து 'என்று' போட்டுவிடலாம். பிள்ளையும் ஆங்கிலத்தில் அப்படியே செய்கிறது: "ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி." வாக்கியத்துக்குள் நுழைந்த கேள்வி, ஆங்கிலத்தில் கேள்வியின் வரிசையை விட்டுவிட வேண்டும்: "ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்."

இதைவிட ஆபத்தானது ஒன்று. "நான் வரமாட்டேன் என்று அவன் சொன்னான்" என்பதை "ஹி ஸெட் தட் ஐ வோன்ட் கம்" என்று சொன்னால், வராமல் இருக்கப்போவது யார்? பேசும் பிள்ளை! தமிழில் 'என்று' வந்தால் பேச்சு அவனுடைய வாயிலிருந்தே வரலாம், ஆங்கிலத்தில் "தட்" போட்டுவிட்டால் நம் நிலையிலிருந்து சொல்ல வேண்டும்: "ஹி ஸெட் தட் ஹி வுட் நாட் கம்." இது புரிய மூன்று பேர் வேண்டும். ஒருவர் ஒரு செய்தி சொல்ல, இரண்டாமவர் அதை மூன்றாமவரிடம் போய்ச் சொல்லட்டும். "ஐ" எப்போது "ஹி" ஆகிறது என்று ஆடிப் பார்த்தால் புரிந்துவிடும். "ஐ திங்க்", "ஐ நோ", "ஐ ஹோப்" என்று தொடங்குபவை எளிதானவை, அவற்றை எப்போது வேண்டுமானாலும் பேச்சில் கலந்துகொள்ளலாம்.

எழுத்துக்கு வரும்போது

வாயில் வந்த பிறகு, உதிரி வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றாக்கச் சொல்லுங்கள். நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களின் எழுத்துப் பயிற்சி குறித்த ஆய்வுகளை ஸ்டீவ் கிரஹாம், டோலோரஸ் பெரின் இருவரும் 2007இல் தொகுத்துப் பார்த்தார்கள். வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி எழுத்தை மேம்படுத்தியது. இலக்கண விதிகளைத் தனியாக நடத்துவது அப்படி உதவவில்லை. அட்டவணை போட்டு விதி நடத்தும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பிள்ளைகளின் நோட்டு மாறுவது இணைப்புப் பயிற்சியில்தான்.

ஓர் உதாரணம்: "த பாய் ஹேட் எ கைட். த கைட் வாஸ் ரெட். த விண்ட் வாஸ் ஸ்ட்ராங். த கைட் டோர்." ஒருவர் "த பாய்ஸ் ரெட் கைட் டோர் பிகாஸ் த விண்ட் வாஸ் ஸ்ட்ராங்" என்பார். இன்னொருவர் "த விண்ட் வாஸ் ஸோ ஸ்ட்ராங் தட் த பாய்ஸ் ரெட் கைட் டோர்" என்பார். இரண்டும் சரி. எது நன்றாக இருக்கிறது, ஏன் என்று பேசவிடுங்கள். முதலாவது பட்டத்தில் தொடங்குகிறது, இரண்டாவது காற்றில் தொடங்குகிறது. சிவப்பு என்ற செய்திக்குத் தனி வாக்கியமே தேவைப்படவில்லை, ஒரு சொல்லாகச் சுருங்கிவிட்டது என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

திருத்தும் விதம்

பிள்ளை பேசும்போது பாதியில் நிறுத்தித் திருத்தாதீர்கள். முடித்த பிறகு, சரியான வடிவத்தில் நீங்கள் ஒருமுறை இயல்பாகத் திருப்பிச் சொல்லுங்கள். "ஐ டோன்ட் நோ வேர் இஸ் மை பேக்" என்றால், "ஓ, யூ டோன்ட் நோ வேர் யுவர் பேக் இஸ்?" அவ்வளவுதான். நோட்டிலும் அந்த வாரம் பழகும் ஒரே வகைப் பிழையை மட்டும் குறியுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை இருந்தால் பிள்ளை மறுபடி பாதுகாப்பான குட்டி வாக்கியங்களுக்குள் ஒளிந்துகொள்ளும். பிழையோடு ஒரு கலவை வாக்கியத்தை முயன்று பார்ப்பது, பிழையில்லாத நான்கு வரிகளைவிட முன்னேற்றம். அதற்குப் பாராட்டு வேண்டும்.

அடுத்த படிக்கு எப்போது போவது? பயிற்சியில் சரியாகச் செய்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் கேட்காமலேயே, தன் பேச்சில் அந்தச் சொல்லைப் பிள்ளை ஒருமுறை பயன்படுத்தும். அந்த நாள் வந்தால் நகரலாம். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு ஒரு மாதம்.

கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் இணைத்தே எழுதும் ஒரு கட்டம் வரும், ஒவ்வொரு வரியும் மூச்சு முட்ட நீளும். அப்போது ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒரு குட்டி வாக்கியத்தைத் தனியாக விடச் சொல்லுங்கள்: "வென் ஐ கேம் ஹோம் ஃப்ரம் ஸ்கூல், ஐ லுக்ட் ஃபார் த கேட் தட் ஆல்வேஸ் ஸ்லீப்ஸ் அண்டர் மை பெட். இட் வாஸ் கான்." வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அந்தக் கடைசி வரியில் குரல் எப்படி இறங்குகிறது என்று பிள்ளையே சொல்லும்.